வலைக் குவியலில் மகள் எடுத்த சங்கு: உள்ளே உயிர் இருந்தது. இது விஷக் கூம்பு நத்தையா?

அடையாறு ஆலமரம் | ஞாயிறு, காலை 10.40

வணக்கம். நேற்று காலை நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கடல் விஷயம் தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

மகளுக்கு ஏழு வயது. பள்ளி விடுமுறை என்பதால் சனிக்கிழமைகளில் ஆறு மணிக்கே பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய், ஊரூர் குப்பம் வழியாக அடையாறு முகத்துவாரம் வரை நடந்துவிட்டு வருவோம். இப்போது தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, ஃபைபர் படகுகள் மட்டும்தான். கரையேறிய ஒரு படகுக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். நண்டோடு வந்த கல், பாசி, உடைந்த கிளிஞ்சல் எல்லாம் ஒரு ஓரமாகக் குவிந்து கிடந்தது. மகளுக்கு அந்தக் குவியலைப் பார்த்துவிட்டால் வேறெதுவும் வேண்டாம்.

அதிலிருந்து அவள் ஒரு சங்கை எடுத்தாள். என் நடுவிரல் நீளம் இருக்கும். ஐஸ்கிரீம் கோன் போல ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். அகலமான பக்கத்தின் நடுவில் கோபுரம் மாதிரி கூரான முனை. ஓட்டின் மேல் மெல்லிய பழுப்புத் தோல் ஒன்று ஒட்டியிருந்தது. அது உரிந்த இடத்தில் செம்பழுப்பு நிறமும் வெள்ளை முக்கோணங்களும் தெரிந்தன. அவ்வளவு அழகு. அவள் அதை உள்ளங்கையில் பொத்திவைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் குறுகிய முனையிலிருந்து குழாய் போல ஏதோ மெதுவாக வெளியே நீண்டது. நான் படம் எடுக்கத்தான் செல்போனை எடுத்தேன்.

வலை கழற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல் மகளின் மணிக்கட்டைப் பிடித்து உதறினார். சங்கு மணலில் விழுந்தது. அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. அவர் அதைப் பொருட்படுத்தாமல் அவளிடம் குனிந்து, "அழாத கண்ணு. அது ஊசி வச்சிருக்கும். காலி ஓடு எவ்ளோ வேணா எடுத்துக்கோ. உள்ள ஆள் இருந்தா தொடாத" என்றார். அப்புறம் ஒரு உடைந்த பிளாஸ்டிக் குவளையில் அதை அள்ளிக்கொண்டு முழங்கால் தண்ணீர் வரை நடந்துபோய் வீசிவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து தேடியதில் கூம்பு நத்தை என்று ஒன்று இருப்பதும், மனிதர்களைக் கொன்றிருப்பதும் தெரிந்தது. இரவு தூக்கம் வரவில்லை. எடுத்த ஒரே படத்தை இணைத்திருக்கிறேன், கலங்கலாகத்தான் இருக்கிறது. இது அதுதானா? சென்னைக் கடலில் இதெல்லாம் உண்டா?

ராயபுரம் வாசி | ஞாயிறு, காலை 11.15

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே, முதலில் அதற்குச் சந்தோஷம். அந்தப் பெரியவருக்குப் பெரிய கும்பிடு.

நான் காசிமேட்டில் வளர்ந்தவன், அப்பா விசைப்படகில் போனவர். இழுவை வலையைக் கொட்டியதும் தளத்தில் மீன், இறால், நண்டு, பாம்பு, கெளுத்தி மீன், சங்கு என்று எல்லாம் கலந்து கிடக்கும். புதிதாக வேலைக்கு வந்த பையன்களிடம் அப்பா முதலில் சொல்வது, வெறுங்கையை உள்ளே விடாதே என்பதுதான். கூம்பு மாதிரி இருக்கும் சங்கைக் காலால் தள்ளிவிடுவார்கள். அதற்குத் தனிப் பெயர் எதுவும் நான் கேட்டதில்லை. "குத்துற சங்கு" என்பார்கள், அவ்வளவுதான்.

எங்கள் சித்தப்பா ஒருவர் தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்தார். மூழ்கி எடுக்கும் சங்குகளை இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட்டுக்கொண்டே போவார்கள். ஒருநாள் பூச்சங்கோடு சேர்த்து இந்த மாதிரி ஒன்றையும் பார்க்காமல் போட்டுவிட்டார். பையின் கண்ணி வழியாக, ஈரத் துணியையும் தாண்டி, தொடையில் குத்திவிட்டது. குளவி கொட்டின மாதிரி இருந்தது, கரைக்கு வருவதற்குள் கால் தன்னுடையது மாதிரியே இல்லை, நாக்கு தடித்துப்போய்ப் பேச்சு குழறியது என்று சொல்வார். மறுநாள் சாயங்காலம்தான் சரியாக நடந்தார். அதற்குப் பிறகு அவர் இடுப்பில் பை கட்டவே இல்லை, கயிறு நீளமாக விட்டு இழுத்துக்கொண்டுதான் வருவார்.

மணல் வீடு | ஞாயிறு, மதியம் 12.05

மன்னிக்கவும், கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். நாற்பது வருடமாக மெரினாவில் நடக்கிறேன். சங்கு குத்தி இங்கே ஒருவர் இறந்தார் என்று ஒரு தடவைகூடக் கேள்விப்பட்டதில்லை. இதைப் படித்துவிட்டு நாளைக்கு எல்லாரும் குழந்தைகளைக் கடற்கரைக்கே அழைத்துப் போகாமல் இருக்கப் போகிறார்கள். ஏற்கெனவே நம் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் பஜ்ஜி கடைதான் என்று ஆகிவிட்டது. பயமுறுத்துவதற்கு முன்னால் நிஜமான ஆபத்து எவ்வளவு என்று யாராவது சொல்லுங்கள்.

நுண்ணோக்கி | ஞாயிறு, மதியம் 2.30

மணல் வீடு சார் கேட்பது நியாயமான கேள்வி. நான் உயிர்வேதியியல் படித்தவள். ஆராய்ச்சிப் படிப்பு முழுவதும் இந்த நத்தைகளின் விஷத்தோடுதான் கழிந்தது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் படம். கலங்கலாக இருந்தாலும் கூரான கோபுரம், தோள்பட்டை மாதிரி விளிம்பு, செம்பழுப்பில் வெள்ளை முக்கோணங்கள் இவற்றை வைத்துப் பார்த்தால் கோனஸ் அமாடிஸ் என்றுதான் சொல்வேன். நம் தென்கிழக்குக் கடற்கரையில் கிடைக்கிற இனம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் பி. பலராம் குழு இந்த இனத்தின் விஷத்தை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறது. கையில் எடுத்துப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது என்றாலும், கூம்பு நத்தை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பழுப்புத் தோல் இருந்தது என்றீர்களே, அது உயிருள்ள நத்தையின் ஓட்டின் மேல் இருக்கும் உறை. கடையில் விற்பவற்றில் அதைச் சுத்தம் செய்து எடுத்துவிடுவார்கள். குறுகிய முனையில் நீண்டது பெரும்பாலும் அதன் மூச்சுக்குழல். தண்ணீரை உள்ளிழுத்து, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அதன் வழியாகத்தான் மோப்பம் பிடிக்கும். ஊசி இருக்கும் தும்பிக்கை அதே பக்கத்திலிருந்துதான் வரும். பெரியவர் மிகச் சரியான நேரத்தில் எழுந்து வந்திருக்கிறார்.

இனி ஆபத்து. உலகத்தில் 900க்கும் மேற்பட்ட கூம்பு நத்தை இனங்கள் உண்டு. எல்லாமே விஷம் உள்ளவை, எல்லாமே வேட்டையாடுபவை. பெரும்பாலானவை புழு தின்பவை. சில இனங்கள் மற்ற நத்தைகளைத் தின்னும், சில மீன் தின்னும். அமாடிஸ் மற்ற நத்தைகளைத் தின்னும் வகை. பதிவான மனித உயிரிழப்புகள் மொத்தமே சில பத்துகள்தான், அதுவும் பல நூற்றாண்டுகளைச் சேர்த்து. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கோனஸ் ஜியோகிராஃபஸ் என்ற ஒரே ஒரு மீன் தின்னி. ஸ்வீடன் விஞ்ஞானி லின்னேயஸ் 1758ல் பெயர் வைத்தது. ஓட்டின் மேல் நிலப்படம் வரைந்த மாதிரி திட்டுத் திட்டாக இருக்கும், பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் வரை வளரும். இந்தியப் பெருங்கடல், பசிபிக் பவளப் பாறைகள்தான் அதன் இடம். சென்னை போன்ற மணல் கரை அதற்கு வீடு இல்லை. ஆகவே காலாற நடக்கிறவர்கள் பயப்பட ஒன்றுமே இல்லை. கூம்பு நத்தை பகலில் பெரும்பாலும் மணலுக்குள் புதைந்து கிடக்கும், தானாக வந்து யாரையும் குத்தாது. கையில் எடுத்தால்தான் ஆபத்து. அதுவும் வலைக் குவியல்தான் உயிரோடு கிடைக்கும் இடம்.

அந்த ஊசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாதாரண நத்தையின் வாய்க்குள் தேங்காய்த் துருவி மாதிரி வரிசை வரிசையாகப் பல் இருக்கும், அதால் பாசியைச் சுரண்டித் தின்னும். கூம்பு நத்தையிடம் அந்தப் பல் ஒவ்வொன்றும் தனித்தனியாக நீண்டு, சுருண்டு, உள்ளே துளையுள்ள ஈட்டியாக மாறிவிட்டது. நுனியில் தூண்டில் முள்ளில் இருப்பது போன்ற எதிர்முள். இவை ஒரு பைக்குள் அம்பறாத்தூணி மாதிரி அடுக்கியிருக்கும். வேட்டை நேரத்தில் ஒன்றே ஒன்று தும்பிக்கையின் நுனிக்கு வரும். பின்னால் சுருண்டு கிடக்கும் நீளமான குழாயில் விஷம், அதன் முடிவில் தசையாலான ஒரு குமிழ், அது அழுத்தினால் ஈட்டி பாயும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. ஒரு ஈட்டி ஒரு தடவைதான், அடுத்த தடவைக்குப் புதிது. முதன்முதலில் நுண்ணோக்கியில் அந்தப் பல்லைப் பார்த்த அன்று மதியச் சாப்பாட்டையே மறந்துபோய் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி போலத் தெளிவாக, எதிர்முள்ளோடு, நடுவில் துளையோடு இருந்தது.

ஓட்டை எந்தப் பக்கம் பிடித்தாலும் பாதுகாப்பு இல்லை. தும்பிக்கை வளைந்து நீண்டு ஓட்டின் பெரும்பகுதியைத் தொட்டுவிடும். அகலமான பக்கம் பிடித்தால் பரவாயில்லை என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள்.

மணல் வீடு | ஞாயிறு, மதியம் 3.10

இப்படிச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன் அம்மா. குழந்தைகளைக் கடலிலிருந்து விலக்க வேண்டாம், வலைக் குவியலில் கையை விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். நன்றி.

ஒரு சந்தேகம். நத்தை ஊர்ந்துதானே போகும்? அது எப்படி மீனைப் பிடிக்கிறது?

நுண்ணோக்கி | ஞாயிறு, மாலை 4.45

எனக்கு மிகவும் பிடித்த கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள் சார்.

குத்துப்பட்ட மீன் பத்து விநாடி நீந்தினால்கூடப் போதும், நத்தைக்கு அது போனதுதான், துரத்திப் பிடிக்க முடியாது. ஆகவே விஷம் ஓரிரு விநாடிக்குள் மீனை நிறுத்தியாக வேண்டும். அதற்காக ஒரு விஷம் இல்லை, ஒரு கூட்டமே இருக்கிறது. ஒரு நத்தையின் விஷத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னப் புரதத் துண்டுகள். பெரும்பாலும் பத்திலிருந்து முப்பது அமினோ அமிலம் நீளம்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. முதலில் ஒரு குழு நரம்புகளை ஒரே நேரத்தில் முறுக்கிவிடும், மின்சாரம் தாக்கின மாதிரி மீன் விறைத்து நிற்கும். இரண்டாவது குழு நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியை அறுக்கும், மீன் தொய்ந்துவிடும். ஈட்டியின் அடிப்பகுதியைத் தும்பிக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். தூண்டில்காரர் தூண்டில் கயிற்றைச் சுற்றுவது போல நத்தை மீனை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஜியோகிராஃபஸ் செய்வது வேறு. இரவில் பாறை இடுக்கில் தூங்கும் சின்ன மீன்களைத் தேடிப் போய், வாயைச் சுருக்குப்பை மாதிரி அகலமாக விரித்து அப்படியே போர்த்திவிடும். மீன்கள் திமிறுவதுகூட இல்லை. ஏன் திமிறுவதில்லை என்பதற்கு ஒரு காரணம் 2015ல் தெரிந்தது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகக் குழு இந்த நத்தையின் விஷத்தில் இன்சுலினைக் கண்டுபிடித்தது. நத்தையின் சொந்த இன்சுலின் மாதிரி இல்லாமல், மீனின் இன்சுலின் மாதிரி செய்யப்பட்டது. அது பட்டால் மீனின் ரத்தச் சர்க்கரை சரிந்து மயக்க நிலைக்குப் போய்விடும். சர்க்கரை இறங்கி ஒருவர் தள்ளாடுவதை வீட்டில் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

பாலவாக்கம் அம்மா | ஞாயிறு, மாலை 6.20

படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்குகிறது. எங்கள் வீட்டு ஷோகேஸில் மகாபலிபுரத்தில் வாங்கிய சங்குகள் நிறைய இருக்கின்றன. அதில் கோன் மாதிரி இரண்டு மூன்று உண்டு. பேரன் அதை வைத்துத்தான் விளையாடுகிறான். தூக்கி எறிந்துவிடட்டுமா?

சோழிக்கடை | ஞாயிறு, மாலை 7.00

அம்மா, எறியாதீர்கள். எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாகக் கடற்கரையில் சங்கு, சோழி விற்கிறது. கடைக்கு வருவது எல்லாம் காலி ஓடு. ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மூட்டையாக வரும். உள்ளே இருக்கும் சதையை எடுத்து, ஊறவைத்து, கழுவி, தேய்த்து, பளபளப்பாக்கிய பிறகுதான் எங்கள் கைக்கு வரும். ஓட்டில் விஷம் கிடையாது. பேரன் தாராளமாக விளையாடட்டும்.

ஆனால் ஆலமரம் சார் எழுதியதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. நாங்கள் கடையில் குழந்தைகளிடம் சங்கைக் காதில் வைத்துக் காட்டுகிறோம், கையில் கொடுத்துப் பழக்குகிறோம். உயிரோடு இருப்பதை எடுக்கக் கூடாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. இனிமேல் சொல்வேன்.

அவசரப் பிரிவு | ஞாயிறு, இரவு 9.30

இரவுப் பணிக்குக் கிளம்புகிறேன். அதற்கு முன் முதலுதவியைச் சொல்லிவிடுகிறேன். வேறு இடங்களில் கண்டபடி எழுதிவைத்திருக்கிறார்கள்.

இந்த விஷத்துக்கு முறிமருந்து கிடையாது. பாம்புக்கடிக்குக் கொடுக்கும் மருந்து இதற்கு வேலை செய்யாது. ஆனால் மருந்தே இல்லை என்பதால் கைவிட வேண்டிய நிலையும் இல்லை. இந்த விஷம் உயிரை எடுப்பது மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்து. வென்டிலேட்டரில் வைத்து மூச்சைத் தாங்கிப் பிடித்தால், விஷத்தின் பிடி மெல்லத் தளர்ந்து ஆள் எழுந்துவிட வாய்ப்பு மிக அதிகம். நேரம்தான் எல்லாமே. உடனே 108க்கு அழையுங்கள், வென்டிலேட்டர் இருக்கும் மருத்துவமனையா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

போகும் வரை, குத்துப்பட்டவரை நடக்க விடக் கூடாது. கையிலோ காலிலோ குத்தியிருந்தால் அகலமான துணியால் அந்த உறுப்பு முழுவதையும் இறுக்கமாகச் சுற்றி, கட்டை வைத்து அசையாமல் கட்டுங்கள். சுளுக்குக்குக் கட்டும் இறுக்கம் போதும், ரத்த ஓட்டம் நிற்கக் கூடாது. கயிறு போட்டு முறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது மூன்றும் வேண்டவே வேண்டாம். வலி மட்டும் கடுமையாக இருந்து வேறு அறிகுறி இல்லை என்றால் 45 டிகிரி அளவுள்ள சுடுதண்ணீரில் முக்கினால் வலி குறையும். குத்துப்பட்ட இடம் மரத்திருக்கும், சூடு தெரியாமல் வெந்துவிடும். அதனால் பக்கத்தில் இருப்பவர் தன் கையை விட்டுப் பார்த்த பிறகுதான் முக்க வேண்டும். மூச்சு திணறினால் செயற்கை சுவாசம், ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாமல்.

முக்கியமான ஒன்று. வலி இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. ஜியோகிராஃபஸ் குத்தும்போது சிலருக்கு வலியே தெரிவதில்லை. உதடு மரத்துப்போவது, பார்வை இரண்டாகத் தெரிவது, பேச்சு குழறுவது, விழுங்க முடியாமல் போவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே கிளம்புங்கள். ராயபுரம் வாசி சித்தப்பாவுக்கு நாக்கு தடித்தது என்றாரே, அன்று அவர் மருத்துவமனையில் இருந்திருக்க வேண்டும். தப்பித்தது அவருடைய நல்ல நேரம்.

பழைய சங்கு | திங்கள், காலை 7.10

ஓடு சேகரிக்கும் பழக்கம் உள்ளவன் நான். நேற்று இரவு இழையைப் படித்ததும் ஒரு பழைய பதிவு ஞாபகம் வந்தது. கூம்பு நத்தை குத்தி ஒருவர் இறந்ததாக முதன்முதலில் எழுதிவைத்தவர் ரம்ஃபியஸ். டச்சுக் கம்பெனிக்காக இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவில் வாழ்ந்தவர், கண் பார்வை போன பிறகும் விடாமல் எழுதியவர். அவர் இறந்த பிறகு 1705ல் புத்தகம் வெளிவந்தது. அதில் பண்டா தீவில் ஒரு அடிமைப் பெண்ணைப் பற்றி வருகிறது. கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது வலையில் வந்த ஒரு கூம்புச் சங்கைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். கையில் லேசாக அரிப்பு. அது தோள் வரை ஏறி உடம்பெல்லாம் பரவி, அவள் இறந்துபோனாள்.

முந்நூறு வருடத்துக்கு முன்பும் வலைதான். இழுக்கும்போது கண்ணில் பட்ட ஒரு அழகான ஓடுதான். அந்தப் பெண்ணின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஓட்டின் அழகுக்காக மனிதர்கள் செய்யாதது இல்லை. ஓவியர் ரெம்பிராண்ட் 1650ல் ஒரே ஒரு சங்கைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டார், அதுவும் கூம்புச் சங்குதான், கருப்பில் வெள்ளைக் கட்டங்கள் உள்ள கோனஸ் மார்மோரியஸ். அச்சில் இடம் வலம் மாறும் என்பதால் தன் கையெழுத்தைத் திருப்பி எழுதினார், சங்கை அப்படியே செதுக்கிவிட்டார். அச்சில் அது வலம்புரியாகிவிட்டது. வலம்புரி இடம்புரி விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்திருப்பார்கள்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன், சேகரிப்பவர்கள் கவனத்துக்கு. கோனஸ் மில்னேஎட்வர்ட்சி என்ற நீளமான கூம்புச் சங்கை இந்தியாவின் பெருமை என்று உலகச் சந்தையில் சொல்வார்கள். 2001ல் அதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். வாங்குவதும் விற்பதும் குற்றம். ஓடு மட்டும்தானே என்று நினைக்க வேண்டாம்.

மயிலை மாடம் | திங்கள், காலை 9.50

நுண்ணோக்கி அக்கா, என் அப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. தினமும் நான்தான் ஊசி போடுகிறேன். நத்தை இன்சுலின் என்று எழுதியதைப் படித்ததும் கை நின்றுவிட்டது. அது மனிதர்களுக்கு உதவுமா? இந்த விஷத்திலிருந்து மருந்து ஏதாவது வந்திருக்கிறதா, இல்லை எல்லாம் ஆராய்ச்சியோடு நிற்கிறதா?

நுண்ணோக்கி | திங்கள், இரவு 8.15

வந்திருக்கிறது. முதலில் வலி மருந்தைச் சொல்கிறேன்.

பால்டோமெரோ ஒலிவேரா என்ற விஞ்ஞானி பிலிப்பைன்ஸ்காரர். சிறு வயதில் கூம்புச் சங்கு சேகரித்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு ஊர் திரும்பியபோது ஆய்வகத்தில் விலையுயர்ந்த கருவிகள் கிடையாது. கருவி இல்லாமலும் செய்யக்கூடிய ஆராய்ச்சி எது என்று யோசித்து, கையெட்டும் தூரத்தில் கிடைத்த கூம்பு நத்தையை எடுத்துக்கொண்டார். பிறகு யூட்டாவுக்குப் போனார். அங்கே அவர் ஆய்வகத்தில் சேர்ந்த மைக்கேல் மெக்கின்டோஷ் என்ற இளநிலை மாணவர் கோனஸ் மேகஸ் என்ற சின்ன மீன் தின்னியின் விஷத்திலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். அப்போது அவர் பள்ளியை முடித்து வந்து அதிக நாள் ஆகவில்லை.

அந்தப் புரதம் செய்வது ஒரே வேலை. வலிச் செய்தியைத் தண்டுவடத்தில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குக் கைமாற்றும் இடத்தில் கால்சியம் நுழைய ஒரு வாசல் உண்டு. அந்த வாசலை மட்டும் போய் அடைக்கும். அதை அச்சு மாறாமல் செயற்கையாகச் செய்ததுதான் சிகோனோடைடு. 2004 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மார்பினும் கேட்காத கடும் வலிக்கு, உடலுக்குள் பொருத்திய பம்பு வழியாக நேராகத் தண்டுவட நீரில் செலுத்துவார்கள். மார்பின் போல இதற்கு அடிமையாக மாட்டார்கள். ஆனால் அளவு கொஞ்சம் கூடினாலும் மனக்குழப்பம், தலைச்சுற்றல் வரும், அதனால் எல்லாருக்கும் கொடுப்பதில்லை. ஒரு நத்தை மீனைப் பிடிக்கச் செய்து வைத்தது, ஒரு புற்றுநோயாளிக்குத் தூக்கம் தருகிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நெகிழும்.

மாடம் தம்பி கேட்ட இன்சுலின். நம் உடம்பின் இன்சுலின் மூலக்கூறுகள் ஆறு ஆறாகச் சேர்ந்து கட்டிக்கொண்டு இருக்கும். ஊசி போட்டதும் அந்தக் கட்டு அவிழ்ந்து தனித்தனியான பிறகுதான் வேலை செய்யும், அதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. நத்தையின் இன்சுலினில் அப்படிக் கட்டிக்கொள்ளும் பகுதியே இல்லை. மீன் தப்பிப்பதற்குள் வேலை செய்தாக வேண்டுமே. அந்தச் சூத்திரத்தைப் பார்த்து மனித இன்சுலினை அதேபோலச் சுருக்கி ஒரு வடிவம் செய்து 2020ல் வெளியிட்டார்கள், எலிகளில் வேலை செய்தது. அது இன்னும் மருந்துக்கடைக்கு வரும் நிலையில் இல்லை தம்பி. அப்பாவுக்கு இப்போது போடும் ஊசியை ஒரு வேளைகூட மாற்ற வேண்டாம்.

மயிலை மாடம் | திங்கள், இரவு 8.40

மாற்ற மாட்டேன் அக்கா. அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். "அந்த நத்தைக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ராயபுரம் வாசி | செவ்வாய், காலை 6.30

நத்தையை மருந்துக்காக இனி மொத்தமாக அள்ள ஆரம்பிப்பார்களோ என்று ஒரு கவலை. இழுவை வலை ஏற்கெனவே கடலடியை வழித்துக்கொண்டுதான் வருகிறது. அப்பா காலத்தில் தளத்தில் கிடந்த சங்கு வகைகளில் பாதிகூட இப்போது பார்ப்பதில்லை.

நுண்ணோக்கி | செவ்வாய், காலை 8.00

மருந்துக்காக அள்ள வேண்டியதில்லை அண்ணா. ஒருமுறை வரிசையைப் படித்துவிட்டால் ஆய்வகத்திலேயே செய்துகொள்ளலாம், சிகோனோடைடு அப்படித்தான் தயாராகிறது. ஆனால் படிப்பதற்கு முன்பே ஒரு இனம் போய்விட்டால், அதோடு அதன் நூற்றுக்கணக்கான புரதங்களும் போய்விடும். அதனால்தான் அந்தப் பெரியவர் சங்கைக் கல்லால் நசுக்காமல் கடலிலேயே விட்டார் என்று படித்தபோது மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

அடையாறு ஆலமரம் | சனி, மதியம் 1.20

எல்லாருக்கும் நன்றி. இந்த வாரம் இந்த இழையை மூன்று முறை படித்துவிட்டேன். அவசரப் பிரிவு எழுதியதை அச்செடுத்துக் காரிலும் வைத்திருக்கிறேன்.

இன்று காலை மறுபடி குப்பத்துக்குப் போனோம். அதே படகு, அதே பெரியவர். நான் போய், அன்றைக்குக் கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். "பெத்தவனுக்குக் கோபம் வரத்தானே செய்யும்" என்று சொல்லிவிட்டு நண்டைக் கழற்றிக்கொண்டே இருந்தார். ஒரு கிலோ நண்டு வாங்கினேன். நீல நண்டு, கால் உடையாமல் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

மகள் வாரம் முழுக்க அந்தச் சங்கைத்தான் வரைந்துகொண்டிருந்தாள். வெள்ளை முக்கோணங்களை விட்டுவிட்டு மற்ற இடத்துக்கு மட்டும் செம்பழுப்பு அடித்திருந்தாள். தாளை அவரிடம் நீட்டினாள். அவர் ஈரக் கையை லுங்கியில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "நல்லாருக்கு கண்ணு. மூக்கு எங்க?" என்றார். அவள் விழித்தாள். அவர் மணலில் விரலால் கூம்பு ஒன்றை வரைந்து, குறுகிய முனையிலிருந்து நீளமாக ஒரு கோடு இழுத்தார். பிறகு அந்தக் கோட்டை அப்படியே வளைத்து, ஓட்டைச் சுற்றிக்கொண்டு அகலமான பக்கம் வரை கொண்டுபோய் நிறுத்தினார்.

அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அதே மாதிரி இன்னொன்று வரைந்தாள்.